திரையில்லாத சர்வரில் ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

கிட் புஷ் கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்க வேண்டிய இடத்தில் ஜிடிகே (ஜன்னல் வரையும் நூலகம்) எச்சரிக்கை வந்து நிற்கிறது. டாக்கர் லாகின் செய்தால் டி-பஸ், எக்ஸ்11 என்று ஏதோ புலம்புகிறது. வரைபடத்தை ஒரு கோப்பில் சேமித்துவிட்டுப் போக வேண்டிய பைதான் ஸ்கிரிப்ட், திரை எங்கே என்று கேட்டுப் படுத்துக்கொள்கிறது. மூன்றுமே கருப்பு டெர்மினலில் ஓடும் கருவிகள்தான், ஜன்னல் திறக்கும் வேலை எதற்கும் இல்லை. அப்படியும் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே கல்லில்: டிஸ்ப்ளே என்கிற என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ஷெல் தான் ஓட்டும் ஒவ்வொரு நிரலின் கையிலும் கொடுத்தனுப்பும் பெயர்-மதிப்புச் சீட்டு.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேரியபிள் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து. விதிவிலக்கு வரும் இடத்தில் சொல்லிவிடுவோம்.

டிஸ்ப்ளேக்குள் என்ன இருக்கிறது

லினக்ஸ், யூனிக்ஸ் இயந்திரங்களில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் புழங்கும் எக்ஸ்11 நெறிமுறை 1987-இல் வந்தது. அதில் ‘சர்வர்’ என்பது திரையும் விசைப்பலகையும் இருக்கும் பக்கம். ஜன்னல் கேட்கும் நிரல்தான் கிளையன்ட். தொலைவில் ரேக்கில் இருக்கும் இயந்திரத்தை நாம் சர்வர் என்கிறோம், எக்ஸ் கணக்கில் உங்கள் மடிக்கணினிதான் சர்வர். இந்தத் தலைகீழ் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

டிஸ்ப்ளேயின் மதிப்பு ஒரு முகவரி: இயந்திரத்தின் பெயர், முக்காற்புள்ளி, எண், புள்ளி, திரை எண். பெயர் இல்லாமல் :0 என்று மட்டும் இருந்தால் அதே இயந்திரத்தில் /டிஎம்பி/.எக்ஸ்11-யுனிக்ஸ்/எக்ஸ்0 என்ற சாக்கெட் (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்). 11-க்கும் 0-க்கும் முன் வரும் எக்ஸ் இரண்டும் பெரியது. லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்றால் டிசிபி போர்ட் 6010. கணக்கு எளிது, 6000-உடன் அந்த எண்ணைக் கூட்ட வேண்டியதுதான். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் கருவி) வழியாக வரும் திரைகள் 10-இல் தொடங்குவதற்குக் காரணம், உண்மையான உள்ளூர்த் திரைகளோடு மோதாமல் இருக்க எஸ்எஸ்எச் சர்வர் பத்தைத் தள்ளி எண்ணுவதுதான்.

முகவரி மட்டும் போதாது, சாவியும் வேண்டும். சாவி பொதுவாக உங்கள் ஹோம் கோப்புறையில் .எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பில் இருக்கும், கோப்பின் பெயரில் எக்ஸ் மட்டும் பெரியது. அது வேறு இடத்தில் இருந்தால் எக்ஸ்அத்தாரிட்டி என்ற வேரியபிள் காட்டிக்கொடுக்கும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்ட் டெஸ்க்டாப்களில் டிஸ்ப்ளேக்கு இணையாக வேலேண்ட்_டிஸ்ப்ளே என்று இன்னொரு வேரியபிள் உண்டு. மதிப்பு பெரும்பாலும் வேலேண்ட்-0. தேட வேண்டிய இடத்தை எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் சொல்லும்.

காலியா, தப்பா, செத்துப்போனதா

ஃபோரம் பதில்களைப் பார்த்து ‘எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே=:0’ என்று அடித்துவிடுவதுதான் இந்தப் பிரச்சினையில் நடக்கும் முதல் தவறு. திரையே இல்லாத இயந்திரத்தில் அது, காலி வீட்டு முகவரியைத் தபால்காரர் கையில் கொடுப்பதுபோல. அதைவிட மோசம் ஒன்றும் உண்டு: டிஸ்ப்ளே காலியாக இருந்தால் டெர்மினலிலேயே ஒழுங்காகக் கேள்வி கேட்டிருக்கும் கருவி, அதில் ஏதோ இருக்கிறது என்றதும் ஜன்னல் வழிக்குத் தாவிவிடும். எனவே கை வைக்கும் முன் மூன்று சோதனை.

முதலாவது: எக்கோ "[$டிஸ்ப்ளே]". சதுர அடைப்பு வேண்டுமென்றே போட்டது. உள்ளே ஒன்றுமில்லை என்றால் அதுவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது: டைம்அவுட் 5 எக்ஸ்செட் க்யூ. சட்டென்று ‘அனேபிள் டு ஓப்பன் டிஸ்ப்ளே’ என்று மட்டும் வந்தால் அந்த முகவரியில் யாரும் இல்லை. ‘நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைட்’ என்ற வரியும் சேர்ந்து வந்தால் ஆள் இருக்கிறார், சாவிதான் பொருந்தவில்லை. ஐந்து நொடியும் மௌனமாகப் போய், எக்கோ $? கொடுத்தால் 124 வந்தால், முகவரி செத்துப்போனது. இந்த மூன்றாவது வகைதான் ஆளைப் படுத்தும், ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் இருக்காது, கருவி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டீர்கள், நெட் துண்டானது, ஆனால் எதிர்முனையில் எஸ்எஸ்எச் சர்வருக்கு அது இன்னும் தெரியாது. 6010-இல் கதவைத் திறந்து இணைப்பை வாங்கிக்கொள்ளும், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. விம் எடிட்டர் திறக்கவே பத்து நொடி ஆகிறது என்றால் பல நேரம் இதுதான் காரணம்: கிளிப்போர்டுக்காக அது எக்ஸ் சர்வரைத் தேடுகிறது. விம் -எக்ஸ் என்று பெரிய எக்ஸ் போட்டுத் திறந்து பாருங்கள், உடனே திறந்தால் நோய் புரிந்துவிட்டது.

மூன்றாவது சோதனை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. தகராறு செய்யும் கட்டளைக்கு முன்னால் ‘என்வி -யூ டிஸ்ப்ளே -யூ வேலேண்ட்_டிஸ்ப்ளே’ என்று சேர்த்து ஓட்டுங்கள். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் இரண்டு வேரியபிளும் இல்லாமல் போகும். வேலை நடந்துவிட்டால், அந்தக் கருவிக்குத் திரை தேவையே இல்லை. நம் அனுபவக் கணக்கில் பெரும்பாலான வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

பாஸ்வேர்ட் கேட்கும் கருவிகள்

கட்டளை வரிக் கருவி ஜன்னலைத் தேடுவதற்கு முதல் காரணம் ரகசியம். பாஸ்வேர்டை அழகான பெட்டியில் கேட்க நினைக்கும், அல்லது டெஸ்க்டாப்பின் சாவிக்கொத்தில் (கீரிங்) வைக்க நினைக்கும்.

கிட் இருக்கிறதே, அது பாஸ்வேர்ட் கேட்க ஒரு வரிசை வைத்திருக்கிறது: கிட்_ஆஸ்க்பாஸ் வேரியபிள், பிறகு கோர்.ஆஸ்க்பாஸ் அமைப்பு, பிறகு எஸ்எஸ்எச்_ஆஸ்க்பாஸ் வேரியபிள், இது எதுவும் இல்லையென்றால்தான் டெர்மினல். ரெட்ஹேட் குடும்ப லினக்ஸ்களில் /இடிசி/புரோஃபைல்.டி கோப்புறைக்குள் இருக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட், எஸ்எஸ்எச்_ஆஸ்க்பாஸில் க்னோம் பெட்டியின் பாதையைப் போட்டுவைக்கும். திரை இருக்கிறதா என்று கிட் சோதிப்பதில்லை, நேரே பெட்டியை அழைக்கும். பெட்டி ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்று விழும். மருந்து ஒற்றை வரி: அன்செட் எஸ்எஸ்எச்_ஆஸ்க்பாஸ். நிரந்தரமாக வேண்டுமென்றால் உங்கள் .பேஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் சேருங்கள். புரோஃபைல்.டி-யில் கை வைக்க வேண்டாம், அது எல்லாப் பயனருக்கும் பொது.

எஸ்எஸ்எச் கட்டளையின் பழக்கம் வேறு. டெர்மினல் கையில் இருக்கும்வரை அங்கேதான் கேட்கும். டெர்மினல் இல்லாமல், டிஸ்ப்ளே மட்டும் இருந்தால்தான் பெட்டிக்குப் போகும். 2020-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.4 முதல் எஸ்எஸ்எச்_ஆஸ்க்பாஸ்_ரிக்வயர் என்ற வேரியபிளில் நெவர் என்று சிறிய எழுத்தில் போட்டுப் பெட்டியை அடியோடு தடுக்கலாம்.

ஜிபிஜி (குறியாக்கமும் கையொப்பமும் போடும் கருவி) செய்யும் வேடிக்கை இன்னொரு ரகம். அதன் ஏஜென்ட் பின்னணியில் உயிரோடு இருந்துகொண்டு, தான் தொடங்கிய நேரத்துத் திரையை நினைவில் வைத்திருக்கும். காலையில் அலுவலக டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, இரவு வீட்டிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்து ஒரு கமிட்டுக்குக் கையொப்பம் போட்டால், பாஸ்ஃபிரேஸ் கேட்கும் பெட்டி ஆளில்லாத அலுவலகத் திரையில் போய்த் திறக்கும். இங்கே நீங்கள் காத்துக்கொண்டிருப்பீர்கள். சரிசெய்ய:

1. .பேஷ்ஆர்சியில் எக்ஸ்போர்ட் ஜிபிஜி_டிடிஒய்=$(டிடிஒய்) என்று சேருங்கள். அடைப்புக்குள் இருப்பது சிறிய எழுத்து, அது ஒரு கட்டளை.
2. ஹோம் கோப்புறையில் .க்னுபிஜி-க்குள் ஜிபிஜி-ஏஜென்ட்.கான்ஃப் கோப்பில் பின்என்ட்ரி-புரோகிராம் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, /யுஎஸ்ஆர்/பின்/பின்என்ட்ரி-கர்சஸ் என்று கொடுங்கள். அந்தப் பொதி நிறுவப்பட்டிருக்க வேண்டும்.
3. ஜிபிஜி-கனெக்ட்-ஏஜென்ட் ரீலோட்ஏஜென்ட் /பை என்று ஓட்டுங்கள்.

முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால் ‘இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்’ என்று வேறு மொழியில் அழும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை ஆகும்.

அடுத்தது டாக்கர். ‘கேனாட் ஆட்டோலாஞ்ச் டி-பஸ் வித்அவுட் எக்ஸ்11 $டிஸ்ப்ளே’ என்ற செய்தியைப் படிப்பவர் உடனே டிஸ்ப்ளேயை அமைக்க ஓடுகிறார். செய்தி அப்படித்தான் திசைதிருப்புகிறது. உண்மையில் நடப்பது இது: டாக்கரின் சீக்ரெட்சர்வீஸ் உதவி நிரல் பாஸ்வேர்டை டெஸ்க்டாப்பின் சாவிக்கொத்தில் வைக்கப் பார்க்கிறது. சாவிக்கொத்தோடு பேச டி-பஸ் (டெஸ்க்டாப் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் தடம்) வேண்டும். டி-பஸ் ஓடவில்லையென்றால் அதைத் தானே எழுப்ப எக்ஸ் திரை வேண்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் செய்தி சொல்கிறது, அறுந்திருப்பது முதல் கண்ணி. முதலில் .டாக்கர் கோப்புறையின் கான்ஃபிக்.ஜேசன் கோப்பில் கிரெட்ஸ்ஸ்டோர் என்ற வரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் கோலாங்-டாக்கர்-கிரெடென்ஷியல்-ஹெல்பர்ஸ் என்ற பொதி இந்த உதவி நிரலைக் கொண்டுவந்திருக்கும். இரண்டு வழி உண்டு. ஒன்று, பாஸ் (டெர்மினலில் ஓடும் பாஸ்வேர்ட் பெட்டகம்), ஜிபிஜி இரண்டையும் நிறுவி, ஒரு ஜிபிஜி சாவி உருவாக்கி, பாஸ் இனிட் கொடுத்துவிட்டு, கிரெட்ஸ்ஸ்டோரில் பாஸ் என்று எழுதுவது. மற்றொன்று, அந்தப் பொதியையும் கிரெட்ஸ்ஸ்டோர் வரியையும் நீக்கிவிடுவது. அப்போது பாஸ்வேர்ட் அந்தக் கான்ஃபிக் கோப்பிலேயே பேஸ்64 வடிவில் உட்காரும். பேஸ்64 பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். பலர் புழங்கும் சர்வர் என்றால் முதல் வழியே நல்லது.

போயட்ரி, ட்வைன் போன்ற பைதான் கருவிகள் எஸ்எஸ்எச்சில் ஓசையில்லாமல் தொங்கினாலும் இதே சாவிக்கொத்தைச் சந்தேகப்படுங்கள். பைதான்_கீரிங்_பேக்எண்ட் வேரியபிளில் கீரிங்.பேக்எண்ட்ஸ்.நல்.கீரிங் என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கடைசிக் கீரிங்கில் முதல் எழுத்து பெரியது.

படம் வரையும் கருவிகள்

மேட்பிளாட்லிப்பின் புதிய பதிப்புகள், திரை இல்லையென்று கண்டால் தாமாகவே ஏஜிஜி என்ற திரையில்லா முறைக்கு மாறிக்கொள்ளும். ஆனால் யாரோ என்றோ மேட்பிளாட்லிப்ஆர்சி கோப்பில் டிகேஏஜிஜி என்று கட்டாயப்படுத்தி வைத்திருந்தால் மாறாது. எம்பிஎல்பேக்எண்ட்=ஏஜிஜி என்ற வேரியபிளைக் கட்டளைக்கு முன் வைத்தால் போதும், மதிப்பு சிறிய எழுத்தில். நிரலில் ஷோ-வை எடுத்துவிட்டு சேவ்ஃபிக் போடுங்கள். ஆர் மொழியில் பிஎன்ஜி கோப்பு எழுதும்போது எக்ஸ்11 பிழை வந்தால் டைப் என்ற இடத்தில் கெய்ரோ என்று கொடுத்தால் தீரும்.

ஜாவாவில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அங்கே நடப்பது நுணுக்கமானது. யாரோ ஒருவர் எஸ்எஸ்எச் -எக்ஸ் போட்டு நுழைந்து டாம்கேட் என்ற ஜாவா வலைச் சர்வரை மறுதொடக்கம் செய்கிறார். அவருடைய ஷெல்லில் இருந்த லோக்கல்ஹோஸ்ட்:10.0 அந்தப் பிராசஸுக்குள் ஒட்டிக்கொள்கிறது. அவர் இருக்கும்வரை எல்லாம் சரி. அவர் வெளியேறியதும் 6010 மூடிக்கொள்கிறது. அதன்பின் முதன்முதலாக யாராவது வரைபடமோ பிடிஎஃப்-ஓ கேட்கும்போது, ‘கேன்ட் கனெக்ட் டு எக்ஸ்11 விண்டோ சர்வர்’ என்று ஒரு பிழை. அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு அந்தச் செய்திகூட இல்லை, ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று மட்டும் வரும். ஏனென்றால் ஒருமுறை தொடங்கத் தவறிய கிளாஸை ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் எந்திரம்) மறுபடி முயலாது. பதிவேட்டின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு நூலகக் கோப்பு காணோம் என்று தேடப் போகாதீர்கள். மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள்.

ஓடும் பிராசஸுக்குள் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க, /புரோக்/ போட்டு அதன் எண், பிறகு /என்விரான் என்ற கோப்பைத் திறக்கலாம். வேரியபிள்கள் நல் எழுத்தால் பிரிந்திருக்கும், டிஆர் கட்டளையால் '\0'-ஐ '\என்' ஆக மாற்றி, கிரெப் டிஸ்ப்ளே கொடுங்கள். மருந்து: ஜாவாவைத் தொடங்கும் வரியில் -டிஜாவா.ஏடபிள்யுடி.ஹெட்லெஸ்=ட்ரூ சேர்ப்பது. முதல் டி மட்டும் பெரிய எழுத்து, அதற்கும் ஜாவாவுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. தொடங்கும் வரி உங்கள் கையில் இல்லையென்றால் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் வேரியபிளில் அதையே வையுங்கள். ஹெட்லெஸ் என்றாலும் எழுத்துரு வேண்டும். ஃபான்ட்கான்ஃபிக்கே இல்லாத மெலிந்த கன்டெய்னரில் ஃபான்ட்கான்ஃபிகரேஷன் பற்றிய நல்பாயிண்டர் பிழை வந்தால், ஃபான்ட்கான்ஃபிக்கையும் ஏதாவது ஒரு எழுத்துருவையும் நிறுவுங்கள்.

எழுத்துரு என்றதும் நமக்கே உரிய ஒரு சங்கடம். திரைப் பிழை தீர்ந்து படம் வந்துவிடும், தமிழ் வரும் இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ என்று கேளுங்கள், கடைசி இரண்டு எழுத்து தமிழுக்கான மொழிக்குறி. ஒன்றும் வரவில்லையென்றால் டெபியன், உபுண்டுவில் ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் பொதியை நிறுவலாம். மேட்பிளாட்லிப் 3.10 வரை எழுத்துரு இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு: ‘கெ’ எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அது டிஸ்ப்ளேயின் குற்றமில்லை, எழுத்துகளைக் கோக்கும் வேலையை அது செய்வதில்லை.

க்யூடி (இன்னொரு ஜன்னல் நூலகம்) நிரல்கள் ‘குட் நாட் கனெக்ட் டு டிஸ்ப்ளே’ என்றால் க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம்=ஆஃப்ஸ்கிரீன் போதும்.

ஒரு போலி வழக்கையும் சொல்லிவிடலாம். ‘இம்போர்ட்: அனேபிள் டு ஓப்பன் எக்ஸ் சர்வர்’ என்று வந்தால் திரையைத் தேடாதீர்கள். பைதான் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஷீபாங் (எதை வைத்து ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! குறி) இல்லாமல், ஷெல் அதைத் தன்னுடையதென்று நினைத்து ஓட்டியிருக்கிறது. ‘இம்போர்ட்’ என்பது இமேஜ்மேஜிக்கில் திரையைப் படம்பிடிக்கும் கட்டளையின் பெயர். டெஸ்க்டாப்பில் இதே தவறைச் செய்தால் பிழைகூட வராது, சுட்டி கூட்டல் குறியாக மாறும், சொடுக்கினால் ‘ஓஎஸ்’ என்ற பெயரில் ஒரு படக் கோப்பு முளைத்திருக்கும்.

திரை வேண்டியே தீரும் என்றால்

சில நிரல்களுக்குத் திரையில்லா முறையே கிடையாது. அவற்றுக்கு நினைவகத்திலேயே ஒரு பொய்த்திரை கட்டிக்கொடுக்கலாம், பெயர் எக்ஸ்விஎஃப்பி. எக்ஸ்விஎஃப்பி, எக்ஸ்ஆத் இரண்டு பொதிகளையும் நிறுவிவிட்டு, எக்ஸ்விஎஃப்பி-ரன் -ஏ -எஸ் "-ஸ்கிரீன் 0 1280x1024x24" என்று தொடங்கி, பின்னால் உங்கள் கட்டளை. -ஏ என்பது காலியான எண்ணைத் தானே தேடிக்கொள்ளச் சொல்கிறது. அது இல்லாமல் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் 99-ஐப் பிடிக்கப் போட்டிபோட்டு ஒன்று சாகும். கடைசி 24 நிற ஆழம். இந்த அளவுத் திரைக்கு ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வைத்தாலும் 5 எம்பிதான், கஞ்சத்தனம் வேண்டாம். கன்டெய்னர் பாதியில் செத்து மறுபடி எழும்போது ‘சர்வர் இஸ் ஆல்ரெடி ஆக்டிவ் ஃபார் டிஸ்ப்ளே 99’ என்றால் /டிஎம்பி/.எக்ஸ்99-லாக் கோப்பு மிச்சம் இருக்கிறது, அழித்துவிடுங்கள், 99-க்கு முன் இருப்பது பெரிய எக்ஸ்.

ஜன்னலை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் எஸ்எஸ்எச் -எக்ஸ். பெரிய எக்ஸ்தான், சின்ன எக்ஸ் போட்டால் நேர்மாறாகத் தடுத்துவிடும். எதிர்முனையில் மூன்று நிபந்தனை: எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் எக்ஸ்11ஃபார்வர்டிங் யெஸ், எக்ஸ்ஆத் நிறுவியிருப்பது, ஹோம் கோப்புறையில் எழுத இடம் இருப்பது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. டிஸ்க் நிரம்பி வழிந்தால் .எக்ஸ்அத்தாரிட்டியில் சாவியை எழுத முடியாது, திரையும் வராது. இவை சரியாக இருந்தும் டிஸ்ப்ளே காலியாக வந்தால், ஐபிவி6 அணைத்த சர்வரா என்று பார்த்து, அட்ரஸ்ஃபேமிலி ஐநெட் என்ற வரியைச் சேர்த்து எஸ்எஸ்எச்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். முதல் இருபது நிமிடம் ஓடிவிட்டு அதன்பின் புதிய ஜன்னல் எதுவும் திறக்கவில்லையென்றால், -எக்ஸ்-இன் நம்பிக்கை காலாவதி ஆகியிருக்கிறது. ஃபார்வர்ட்எக்ஸ்11டைம்அவுட்டின் இயல்பு அளவு அதுதான். பெரிய எழுத்தில் -ஒய் போட்டால் அந்தக் கெடு கிடையாது, ஆனால் எதிர்முனைக்கு உங்கள் விசைப்பலகையையே ஒட்டுக்கேட்கும் உரிமையும் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் சொந்தச் சர்வருக்கு மட்டும் போடுங்கள்.

சூடோ (ரூட் எனும் நிர்வாகியாகக் கட்டளையை ஓட்டுவது) போட்டதும் திரை போய்விட்டால், முகவரி அப்படியே இருக்கும், சாவிதான் கைமாறியிருக்கும்: ரூட் தன் வீட்டில் தேடுகிறது. சூடோ எக்ஸ்அத்தாரிட்டி=$ஹோம்/.எக்ஸ்அத்தாரிட்டி என்று எழுதிப் பின்னால் கட்டளையைக் கொடுங்கள். எக்ஸ்ஹோஸ்ட் + என்று அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. அது பூட்டைத் திறப்பதில்லை, கதவையே கழற்றி வைக்கிறது.

டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் அமர்வைக் காத்துவைக்கும் கருவி) பயனர்கள் நேற்றைய அமர்வில் இன்று மீண்டும் சேரும்போது பழைய பேன்களுக்குள் (திரைப் பிரிவுகளுக்குள்) நேற்றைய முகவரியே இருக்கும். டிமக்ஸ் தன் பதிவைப் புதுப்பித்துக்கொண்டாலும் ஏற்கெனவே ஓடும் ஷெல்லுக்குள் கை விட முடியாது. அந்தப் பேனில் இவால் "$(டிமக்ஸ் ஷோ-என்விரான்மென்ட் -எஸ் டிஸ்ப்ளே)" என்று ஒருமுறை கொடுத்தால் புதியது வந்துவிடும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் இதற்கு எதிர்நிலை, அங்கே டிஸ்ப்ளே இருக்கவே இருக்காது. டெர்மினலில் ஓடிய ஸ்கிரிப்ட் இரவில் மட்டும் விழுந்தால் பகலில் ‘என்வி -யூ’ போட்டு ஓட்டிப் பாருங்கள், அதே பிழை வரும்.

விண்டோஸில் டபிள்யுஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வைத்திருப்பவர்கள் கடைசியாக ஒன்று செய்யுங்கள்: ஹோம் கோப்புறையில் கிரெப் -என் டிஸ்ப்ளே .பேஷ்ஆர்சி .புரோஃபைல். லினக்ஸ் ஜன்னல்களைத் தானே காட்டும் டபிள்யுஎஸ்எல்ஜி வருவதற்கு முன், விண்டோஸ் பக்கம் ஒரு எக்ஸ் சர்வரை நிறுவி, ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலிருந்து ஐபி முகவரியைப் பொறுக்கி டிஸ்ப்ளேயில் திணிக்கும் ஒரு வரியை எல்லோரும் .பேஷ்ஆர்சியில் ஒட்டிவைத்தார்கள். விண்டோஸ் 11-இல் அது தேவையில்லை, ஆனால் ஒட்டியது ஒட்டியபடி இருக்கும். விண்டோஸ் ஃபயர்வால் அந்தப் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் விழுங்குவதால் ஒவ்வொரு கருவியும் நிமிடக்கணக்கில் தொங்கும். வரியை நீக்கி, விண்டோஸ் பக்கம் டபிள்யுஎஸ்எல் --ஷட்டவுன் கொடுத்து, மீண்டும் திறந்து எக்கோ செய்யுங்கள். அடைப்புக்குள் :0 தானாக வந்திருக்கும்.